மூன்று மணிக்கு மேல்

ஜூன் 8, ஞாயிறு

பி.பி. அளவைத் தினமும் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு நோட்டு வாங்கினேன். இன்று 160/100. குறித்தாயிற்று. மிச்சப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, ஏன் ஏறியது என்பதையும் எழுதி வைக்கிறேன். டாக்டர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நாயகத்தைப் பார்க்கப் போனேன். என் தம்பி. முழுப்பெயர் கோமதிநாயகம், வயது முப்பத்தெட்டு. பிறந்தபோதே மூளையில் அடிபட்டுக் கைகால் சொன்னபடி கேட்காமல் போனது. பேச்சு வராது. ஆனால் புத்தியில் ஒரு குறையும் கிடையாது. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான். இல்லை என்றால் இறுக்கி மூடுவான். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு இருந்தான். போன வருஷம் ஏப்ரலில் சாத்தூர் ரோட்டில் இருக்கிற இல்லத்தில் சேர்த்தோம்.

மாசத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் போகிறேன். ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை டூட்டி, மேயில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். வேண்டுமென்றா போகாமல் இருந்தேன்?

என்னைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. என் பையைப் பார்த்தான். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். எடுத்து வாயில் வைத்தேன். பாதி நெஞ்சில் வழிய, பாதி புரையேற, ஒரு லிட்டரையும் குடித்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். உதடு வெடித்து ரத்தக்கோடு தெரிந்தது. "மெதுவாக் குடிடா, யாரும் பிடுங்கிட்டுப் போகப் போறதில்ல" என்றேன்.

அங்கே வேலை பார்க்கிற தங்கமாரி ஓடி வந்தாள். "எக்கா, கொஞ்சமாக் குடுங்க. மொத்தத்தையும் குடுத்துட்டீங்களே."

"ஏன், ஒங்க வீட்டுத் தண்ணியா?" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அதுவல்ல என் கோபம். அவன் போட்டிருந்தது வேறு யாருடைய சட்டையோ. காலரில் 'கு. பாண்டி' என்று மார்க்கர் மையில் எழுதியிருந்தது. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த நாலு சட்டையும் எங்கே? வார்டன் தர்மராஜைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்த மனுஷன் எதற்கும் கோபப்பட மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு "பாத்துருவம் டீச்சர், பாத்துருவம்" என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும்.

ஜூன் 9, திங்கள்

150/96. சட்டை ஞாபகமாகவே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மதியம் இல்லத்திலிருந்து போன். நாயகத்துக்குக் குளிர்காய்ச்சல், கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக் கபடி டீமை மைதானத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டர் சின்னப் பெண். டியூப் போட்டு மூத்திரம் எடுத்திருந்தாள். பையில் இருந்தது காபி டிகாக்ஷன் நிறம். "கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இவரு தண்ணியே குடிக்க மாட்டாரா?" என்று கேட்டாள்.

கூட வந்திருந்த தங்கமாரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மத்தியானத்துக்கு மேல அவரு குடிக்க மாட்டாரும்மா."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தங்கமாரியைப் பார்த்தேன். "குடிக்க மாட்டான்னா குடிக்க வைக்கணும். அதுக்குத்தான ஒன்ன வச்சிருக்கு?" என்றேன். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஜூன் 14, சனி

லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறேன். காய்ச்சல் இறங்கவில்லை. இவரும் வந்து உட்கார்ந்திருந்தார். (என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு நிறையப் பேசிவிட்டார் என்று அர்த்தம்.)

பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எட்டு மாசம் எங்கூட இருந்தான், ராசா மாதிரி வச்சிருந்தேன். சுத்தம்னா அப்படிச் சுத்தம். மொத மாசம்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். அதுக்குப் பெறகு ஒருநாள் ஒருபொழுது அவன் படுக்கை நனைஞ்சதில்ல."

"கூடப்பொறந்தவன இப்பிடிப் பாக்க யாருக்கு மனசு வரும்! நீ நல்லா இருப்ப தாயி" என்றாள் அந்த அம்மாள்.

இவர் எழுந்து டீ வாங்கப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். டீ வாங்கி வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பி.பி. பார்க்கவில்லை. பார்த்தால் மெஷின் வெடித்துவிடும்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் பீரியடில் மைதானத்தில் முத்துலட்சுமி என்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை சுருண்டு விழுந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினேன். பையில் அவளுடைய பாட்டில் மூடி திறக்காமல், தளும்பத் தளும்ப இருந்தது.

"ஏம்ட்டி குடிக்கல?"

"குடிச்சா போணும்லா டீச்சர். கக்கூஸப் பூட்டி வச்சிருக்காங்க."

ஹெச்.எம். ரூமுக்குப் போய் நான் போட்ட சத்தத்தில் ஐந்து நிமிஷத்தில் சாவி வந்தது. பூட்டைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்படியே நின்றேன். தாகமெடுத்தால் குடிக்க மாட்டேன் என்று எந்த உயிராவது சொல்லுமா? அன்றைக்கு ஒரு லிட்டரை மூச்சு விடாமல் குடித்தவன் மத்தியானத்துக்கு மேல் குடிக்க மாட்டானா? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம்.

நாலேகாலுக்கு மணி அடித்ததும் இல்லத்துக்குப் பஸ் ஏறினேன். பார்க்கிற நாள் இல்லை என்று வாட்ச்மேன் கேட்டில் மறித்தார். கழுத்தில் கிடந்த பி.டி. விசிலை எடுத்து ஊதினேன். ஆள் பயந்து விலகிவிட்டார்.

நீள ஹால். இருபத்திரண்டு கட்டில், நாயகத்துடையது மட்டும் காலி. தண்ணீர் டிரம் மேல் பலகை போட்டு மூடி, பலகை மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். டம்ளர் எல்லாம் கம்பிவலை போட்ட அலமாரிக்குள், பூட்டு. அப்போதுதான் சாயங்காலம் முகம் துடைத்துவிட்டிருந்தார்கள். நாயகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் கண் தெரியாத ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும், துடைத்த ஈரத் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். பதற்றமே இல்லாமல், தினமும் செய்கிற வேலையைப் போல.

"தங்கமாரி!" என்று கத்தினேன். அவள் வந்து அழுதாள்.

"மூணு மணிக்கு மேல தண்ணி கெடையாதுக்கா. காபி கெடையாது. ராத்திரிக்கு ரெண்டே பேருதான் இருக்கோம். இருவத்திரண்டு பேருக்குப் படுக்கை மாத்த, துணி அலச எங்க முடியும் சொல்லுங்க? மேல சொன்னத நாங்க செய்யுதோம்."

"சாவியக் குடு."

குடுத்தாள். அலமாரியைத் திறந்தேன். அம்மிக்கல்லைக் கீழே தள்ளினேன், தரை ஓடு ஒன்று உடைந்தது. இருபத்தோரு பேருக்கும் நானே மொண்டு கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியவர்களைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனில் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஸ்பூனில். ஒருவன் குடித்துவிட்டுச் சிரித்தான், சிரிப்பை நிறுத்தவே இல்லை.

துண்டுக்காரர் பெயர் மூக்கையா. மூன்று டம்ளர் குடித்தார். "யாரு தாயி நீங்க?"

"நாயகத்தோட அக்கா."

"எப்பிடி இருக்கான் எம்பய? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்போம் தெரியுமா? அவன் கண்ணப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல. கையப் பிடிச்சுக்கிட்டே கேப்பேன். ஒரு அமுக்கு அமுக்குனா ஆமா. விட்டுட்டான்னா இல்ல. ரேடியோவுல நியூஸ் கேட்டு அவனுக்குச் சொல்லுறது நான்தான். அவன் கொலம் நல்லா இருக்கும், நீங்க நல்லா இருப்பீக."

அவன் கையால் பேசுவான் என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் 18, புதன்

170/104. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 21, சனி

நாயகம் டிஸ்சார்ஜ். என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் லீவு நீட்டியிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று பஸ் பிடித்துப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். மனுவை நானே எழுதியிருந்தேன், நாலு பக்கம். 'மனசாட்சி உள்ள எவரும் ஒரு நாய்க்குக்கூடச் செய்யத் துணியாத கொடுமை' என்று ஓரிடத்தில் வரும். அந்த வரியை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மாற்றுத்திறனாளிகள் நல ஆபீசிலிருந்து நேரில் வந்து விசாரிப்பார்கள் என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவளிடமும் சொன்னேன். கண்டக்டரிடமும் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

காலையில் நன்றாகக் குடிக்கிறான். மத்தியானம் சாப்பாட்டோடு குடிக்கிறான். மூன்று மணி ஆனதும் வாயைப் பூட்டிக்கொள்கிறான். டம்ளரை உதட்டில் வைத்தால் பல்லை இறுக்கிக் கழுத்தைத் திருப்புகிறான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான், பிறகு என் முகத்தைப் பார்க்கிறான்.

பாவிகள் எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள் பார்!

ஜூன் 27, வெள்ளி

கடிகாரத்தைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன். பயனில்லை. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டினால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

"குடிடா. இது ஒன் அக்கா வீடுடா. இங்க ஒன்ன யாரு என்ன சொல்லப் போறா?"

கண்ணை மூடிக்கொண்டான். இல்லை என்கிறானா, தூக்கமா தெரியவில்லை. இவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன். இவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "வல்லி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.

வெளியே வந்து நின்றேன். பத்து நிமிஷம் கழித்து இவர் காலி டம்ளரோடு வந்தார்.

நேற்று வரை என் கையால் சாப்பிட்டவன் இவர் கையில் குடிக்கிறான். இருக்கட்டும். குடித்தால் சரி.

ஜூன் 30, திங்கள்

விசாரணை வருகிற வெள்ளி காலை பதினோரு மணிக்கு, இல்லத்தில் வைத்து. அன்றைக்கு இருக்கிறது தர்மராஜுக்கு.

ஜூலை 4, வெள்ளி

எழுதத்தான் வேண்டுமா?

பத்தரைக்கே போய்விட்டேன். விசாரிக்க வருகிற ஆபீசர் அம்மா இன்னும் வரவில்லை. தர்மராஜ் ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னார். ஃபேன் போட்டார், டீ சொன்னார், வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க கோவம் நாயமானது. நான் மறுக்கல. ஆனா ஆபீசர் அம்மா ஃபைலக் கேட்டா நான் இதக் காட்டணும்லா" என்று ஒரு தாளை மேஜை மேல் வைத்தார்.

என் கையெழுத்து. நீல மை, பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட தாள். சேர்க்கும்போது 'வீட்டில் கடைப்பிடித்த பழக்கங்கள்' என்று எழுதித் தரச் சொன்னார்கள், நான் நம்பர் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல் தேய்ப்பது ஒன்று. சோற்றைக் குழைப்பது இரண்டு. ஐந்தாவதாக இது:

'மாலை மூன்று மணிக்கு மேல் தண்ணீர், காபி, கஞ்சி எதுவும் தரக்கூடாது. கேட்டாலும் தரக்கூடாது. இரண்டு வாரம் அழுவான். பிறகு பழகிவிடுவான்.'

'கேட்டாலும்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அந்தச் சிவப்புப் பேனாவும் என்னுடையதுதான்.

"மொதல்ல தம்பிக்கு மட்டும்தான் செஞ்சோம்" என்றார் தர்மராஜ். "இருவத்திரண்டு படுக்கையில அவரு படுக்கை ஒண்ணுதான் காஞ்சு கெடந்துச்சு. பெறகு ஒவ்வொருத்தருக்கா வச்சுப் பாத்தோம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம் டீச்சர். நீங்க படிச்சவுக, கூடப்பொறந்தவுக. நீங்களே எழுதிக் குடுக்கும்போது அது தப்பா இருக்கும்னு எங்களுக்கு எப்பிடித் தோணும்?"

நான் டீயைக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

"மனுவ வாபஸ் வாங்கிக்கிட்டா இந்தத் தாளு ஃபைலுக்குள்ளயே கெடந்துட்டுப் போகுது. இனிமே மூணு மணிக் கணக்கெல்லாம் கெடையாது, நான் பொறுப்பு. வெளிய தெரிஞ்சா ஸ்கூல்ல ஒங்களுக்கும் அசிங்கம்லா?"

ஆபீசர் அம்மா வந்தார். ஜெசிந்தா என்று பெயர், குட்டையாக, கண்ணாடி போட்டு. நான் எழுந்து நின்று, தலை சுற்றுகிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பொய். தலை நன்றாகத்தான் இருந்தது.

"சரிங்க, அடுத்த வெள்ளிக்கிழமை" என்றார். "ஆனா உங்க தம்பி எங்கம்மா? வரும்போது அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் அவர்ட்டதான் கேக்கணும்."

அவன் என்னத்தச் சொல்லப் போறான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது.

ஜூலை 5, சனி

நான் சொன்னது அவனுக்கு மட்டும். எல்லாருக்கும் செய்யுங்கள் என்று நானா சொன்னேன்?

ஜூலை 6, ஞாயிறு

மேலே எழுதியதைப் படித்தேன். தூ!

ஜூலை 8, செவ்வாய்

"எழுதிக் குடுத்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று இவரிடம் கேட்டேன்.

"தெரியும். எழுதும்போது பக்கத்துலதான இருந்தேன்."

"அப்போ ஏன் வாயத் தெறக்கல?"

"நீ பெருக்கித் தொடச்ச, நீ தொவைச்ச. நான் ஒரு நாளு ஒரு துணி அலசுனதில்ல. நான் எந்த வாயால சொல்ல?"

அந்த மனுஷன் மேல் எறிய எதையோ தேடினேன். கையில் துண்டுதான் கிடைத்தது. எறிந்தேன். அதை மடித்துக் கொடியில் போட்டார்.

ஜூலை 9, புதன்

சரி, எழுதுகிறேன். டாக்டர் படித்தாலும் படிக்கட்டும்.

முதல் மாதம் தினமும் நாலரைக்கு எழுந்தேன். ஈரப் படுக்கையை இழுத்து, அவனைப் புரட்டி, துடைத்து, துணி அலசி, எட்டரைக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று எனக்கே ஒரு பிரமை. அம்மா ராத்திரி மூன்று தடவை எழுந்து அவனுக்கு மூத்திரச் சட்டி வைப்பாள். முப்பத்தாறு வருஷம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீயும் கத்துக்கோ" என்று சொன்னதில்லை. எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

எனக்கு ராத்திரி எழுந்திருக்க முடியவில்லை. அதனால் தண்ணீரை நிறுத்தினேன். முதலில் ஏழு மணி. பிறகு ஐந்து. பிறகு மூன்று. முதல் வாரம் அவன் கத்தினான். ரூம் கதவைச் சாத்திவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். இரண்டாவது வாரம் அழுதான். பிறகு அழவில்லை. படுக்கை காய்ந்தது. அக்கம்பக்கத்தில் 'தம்பியத் தெய்வமாட்டம் பாக்குறா' என்றார்கள், நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகும் ஆறே மாதத்தில் இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்தவன் குண்டியைக் கழுவச் சொல்லி மனு எழுதினவள் தன் முதுகைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்க்குக்கூடச் செய்யமாட்டார்களாம். நாலு பக்கம் எழுதினாளே, மகராசி!

ஜூலை 10, வியாழன்

தர்மராஜ் மூன்று தடவை போன் செய்தார். வாபஸ் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று அவரே வாசகம் சொல்கிறார். "ரெண்டு பேருக்கும் நல்லது டீச்சர்."

ரெண்டு பேருக்கும். மிச்சம் இருபத்திரண்டு பேர்?

வாபஸ் வாங்கினால் பத்து நாள் தண்ணீர் கொடுப்பார்கள். பதினோராம் நாள் ராத்திரி ஆள் வரவில்லை என்பார்கள், அம்மிக்கல் மறுபடி டிரம் மேல் ஏறும். எனக்குத் தெரியாதா? நான் செய்ததைத்தானே அவர்களும் செய்வார்கள்.

ஜூலை 11, வெள்ளி

நாயகத்தை வேனில் ஏற்றிக் கூட்டிப்போனோம். இவரும் வந்தார். ஹாலுக்குள் நுழைந்ததும் நாயகம் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். சிரிப்பு அது. மூக்கையா கட்டிலிலிருந்து இறங்கித் தடவிக்கொண்டே வந்து அவன் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு விடவே இல்லை.

ஜெசிந்தா அம்மா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தர்மராஜ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து நின்றேன். மைதானத்தில் பேசுகிற குரலிலேயே சொன்னேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.

"மூணு மணிக்கு மேல தண்ணி குடுக்கக்கூடாதுன்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். என் கைப்பட எழுதிக் குடுத்திருக்கேன், அந்த ஃபைல்ல இருக்கு. என் வீட்டுல வச்சு என் தம்பிக்கு ஆறு மாசம் அதச் செஞ்சிருக்கேன். மனுவ வாபஸ் வாங்க மாட்டேன். என் பேரையும் அதுல சேத்துக்கோங்க."

தங்கமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூக்கையா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்போ அந்த டீச்சர் நீங்கதானா?"

"எந்த டீச்சர்?"

"டம்ளரப் பூட்டுற நேரத்துக்கு இங்க 'டீச்சர் டைம்'னுதான் பேரு. டீச்சர் டைம் ஆயிட்டு, டம்ளர எடும்பாக. யாரு அந்த டீச்சர்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாக. ஒரு வருசமா அவள ஏசாத நாளு கெடையாது தாயி. அன்னைக்கு நீங்க வந்து தண்ணி குடுத்தப்பக்கூட, 'அந்த டீச்சரு நாசமாப் போக, இந்த மகராசி நல்லா இருக்க'ன்னுதான் கும்பிட்டேன்."

"ஏசுனது சரிதான். கும்பிட்டதத் திருப்பி எடுத்துக்கோங்க" என்றேன். என் குரல் உடைந்தது. உடையட்டும்.

ஜெசிந்தா அம்மா அதை எல்லாம் எழுதிக்கொண்டார். தலையை நிமிர்த்தி என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை நாயகத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் பேச்சு எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தார்.

"சார், இங்க உங்களுக்குத் தண்ணி தராம இருந்தாங்களா?"

கண் மேலே போனது. அவனை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அக்கா வீட்டுலயும்?"

மேலே.

"அக்கா மேல கோவமா?"

மேலே. போன கண் கீழே இறங்க வெகுநேரம் ஆனது.

"இனிமே அக்கா வீட்டுல இருக்கீங்களா?"

மூடினான்.

"அவங்க ஒழுங்காத் தண்ணி தந்தாலும்?"

இன்னும் இறுக்கி மூடினான். நான் அவன் முழங்காலைத் தொட்டு, "நாயகம், அக்கா இனிமே..." என்றேன். ஜெசிந்தா அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அவரு சொல்லிட்டாரும்மா."

"தண்ணி எந்நேரமும் கெடைக்கும்னா, இங்க இருக்கீங்களா?"

கண் மேலே போனது. "கையும் அமுக்கிட்டான்" என்றார் மூக்கையா. "நல்லா அமுக்கிட்டான்."

ஜூலை 14, திங்கள்

இல்லத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. பதினைந்து நாளைக்குள் ராத்திரிக்கு இன்னும் மூன்று ஆள், ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி பாட்டில், அலமாரிக்குப் பூட்டு கூடாது, வாராவாரம் சோதனை. இல்லையென்றால் உரிமம் ரத்து. எனக்கும் ஒரு நோட்டீஸ், விளக்கம் கேட்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நகல்.

ஹெச்.எம். கூப்பிட்டு, "என்ன டீச்சர் இதெல்லாம்?" என்றார். கக்கூஸ் பூட்டை எடுத்துப் போட்டதற்கு என் மேல் கணக்குத் தீர்க்கக் காத்திருந்தவர். "அதுல எழுதியிருக்கது அம்புட்டும் நெசம் சார்" என்றேன்.

தர்மராஜ் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என் தப்பு தெரிந்துவிட்டதால் அந்த ஆளின் தப்பு குறைந்துவிடாது. நான் ஒருத்தனுக்குச் செய்தேன். அவர் அதை நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்து இருபத்தோரு பேருக்குச் செய்தார்.

ஜூலை 20, ஞாயிறு

நாயகத்தை இல்லத்தில் விட்டுவிட்டு வந்தோம். அம்மிக்கல் வெளியே மரத்தடியில் கிடக்கிறது. ராத்திரிக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், மூன்றாவது ஆள் நாளைக்காம். நாளைக்கு வந்தாரா என்று போன் செய்து கேட்பேன்.

புதுப் படிவம் ஒன்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். தர்மராஜ் பேனாவை நீட்டினார். தாளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் நாயகத்தின் கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். மூக்கையா அவன் கையைப் பிடித்துக்கொண்டார், சாட்சிக்கு.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் வெந்நீரா, பச்சைத் தண்ணீரா. சோறு குழையவா, உதிரியா. முப்பத்தெட்டு வருஷமாகக் குழைத்துத்தான் கொடுக்கிறோம். அவனுக்கு உதிரிதான் பிடிக்குமாம். ராத்திரி எத்தனை மணிக்குச் சட்டி வைக்க வேண்டும். எந்தச் சட்டை. கு. பாண்டியின் சட்டையைத்தான் போட்டுக்கொள்வானாம். பாண்டி வாசலோரக் கட்டிலில் இருக்கிறவராம், இரண்டு பேரும் சம்மதித்துத்தான் மாற்றிக்கொண்டார்களாம். அதற்குத்தான் நான் அன்றைக்கு ஹாலே அதிரக் கத்தினேன்.

தண்ணீருக்கு மணி மணியாகக் கேட்டேன். மூன்றுக்கு? மேலே. நாலுக்கு? மேலே. ஐந்து, ஆறு, ஏழு. எல்லாவற்றுக்கும் மேலே. 'கேட்கும்போதெல்லாம்' என்று எழுதினேன்.

கடைசியில் 'பார்க்க வருபவர்' என்று ஒரு கட்டம். பழைய தாளில் யாரையும் கேட்காமல் என் பெயரை நிரப்பியிருந்தேன்.

"நாயகம், அக்கா வரட்டுமா?"

கண்ணைத் தூக்கவில்லை. மூடவும் இல்லை. நேராக என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். தங்கமாரி ஒவ்வொரு கட்டிலாகப் பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தாள். எங்களைத் தாண்டி அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டாள். அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை என்ன சொல்லுது?" என்று மூக்கையாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல டீச்சர். யோசிக்கான்."

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாசம் இரண்டாம் ஞாயிறு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஆள் அனுப்பி அவனிடம் கேட்கச் சொல்வேன். அவன் சரியென்றால்தான் உள்ளே போவேன்.